சிறு தொழிலுக்குச் செலவில்லா இணைய விளம்பரம்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

சென்ற ஆடி மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் எமது ஒன்றிய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குறை கூற அழைக்கவில்லை. சான்று கேட்கவும் அழைக்கவில்லை. எமது வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழு ஒன்று காய்ச்சும் பனங்கருப்பட்டியை உறவினர் வீட்டில் உண்டு பார்த்திருக்கிறார். ஐந்து கிலோ வாங்க விரும்பி, கூகுள் வரைபடத்தில் குழுவின் பெயரைத் தேடி, அங்கே கண்ட எண்ணுக்கு நான்கு நாட்கள் விடாது முயன்றிருக்கிறார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்னும் குரலே ஒவ்வொரு முறையும் பதிலாகக் கிடைத்தது. வேறு வழி தோன்றாமையால் அரசு இணையதளத்தில் எமது அலுவலக எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினார்.

விசாரித்தேன். அந்த எண் குழுச் செயலாளரின் மகனுடையது. குழுவுக்கு இணையப் பக்கம் திறந்து கொடுத்தவரும் அவரே. பின்னர் வேலை கிடைத்து வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். எண்ணுக்குப் பணம் கட்டுவார் இல்லை. எண் அற்றுப் போயிற்று. பக்கம் மட்டும் அப்படியே நின்றது. விடிலியில் கருப்பட்டி அடுக்கியிருந்தது. வாங்க விரும்பியவரும் தேடிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே பத்து இலக்கங்கள் பயனற்றுக் கிடந்தன. பெரியவர் முயன்ற அதே வாரத்தில், குழுவினர் பருவத்தின் கடைசிச் சரக்கை வழக்கமான வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்கே எடைபோட்டுக் கொடுத்துவிட்டனர்.

இச்சம்பவம் என்னைச் சிந்திக்க வைத்தது. இணையத்தில் காசு செலவின்றி விளம்பரம் செய்யலாம் என்று கூட்டந்தோறும் பேசி வருகிறோம். அது மெய்தான். ஆனால் காசு கேட்காத ஒன்று கவனமும் கேட்காது என்று எண்ணிவிடுகிறோம். ஆகையால் எவ்வெவ் வசதிகள் உண்மையில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை எவ்வாறு கையாள வேண்டும், எங்கே இடறி விழுகிறோம் என்பவற்றை, கண்டறிந்த அளவில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எது விற்கும்?

கிராமத்தில் விளைவன, செய்வன யாவும் இணையத்தில் விற்கக் கூடியவை அல்ல. கீரையும் கத்தரிக்காயும் அன்று பறித்து அன்றே கைமாற வேண்டியவை. அவற்றுக்கு உழவர் சந்தையே தக்க இடம். உழவர் சந்தை 1999இல் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றபோது அதன் கருத்து, பயிரிட்டவரும் உண்பவரும் நேருக்கு நேர் நின்று விலை பேச வேண்டும் என்பதே. இணைய வழியும் அதே கருத்தின் நீட்சிதான். ஆனால் இடையில் உள்ள தூரம் 400 மைலாகவும் இருக்கலாம். ஆகவே வழியில் கெடாததும், எடைக்கு ஏற்ற விலை பெறுவதும், கடையில் நல்லதாகக் கிடைப்பது அரிதென்று மக்கள் கருதுவதுமான பொருளே இதற்கு ஏற்றது. எமது இராமநாதபுரம் மாவட்டத்தில் கருப்பட்டியும் காய்ந்த குண்டு மிளகாயும் இத்தகையவை. வேறு மாவட்டத்தார் மஞ்சள், தேன், சிறுதானியம், பாய் என்று தத்தம் பொருளைச் சேர்த்துக்கொள்ளலாம். செக்கு எண்ணெய்க்கும் கேட்போர் மிகுதி. ஆனால் பார்சலில் ஒரு டின் ஒழுகினால் பத்து விற்பனையின் இலாபம் போய்விடும்.

அடுத்து, எவ்வளவு விற்கும் என்பதையும் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பனை ஏறுபவர் பலர் பருவம் தொடங்குமுன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பர். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை வரும் சரக்கை அவருக்கே போட வேண்டும். விலையும் அவர் சொல்வதே. இந்த முறையைப் பலர் குறை கூறுகின்றனர், நானும் கூறியிருக்கிறேன். ஆயினும் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. குடும்பத்துக்குப் பணம் வேண்டிய நாளில் பணம் கொடுப்பவரும், நூறு கிலோவை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு போகிறவரும் அவரே. இணையமோ ஒரு கிலோ, இரண்டு கிலோ என்றுதான் கேட்கும். முழு மகசூலையும் கைப்பேசியிலேயே விற்றுவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டுவதில்லை. முதலாண்டில் பத்தில் ஒரு பங்கை நேரே விற்க முடிந்தால் அதுவே நல்ல தொடக்கம். அந்தப் பங்கு அளிக்கும் பெரிய ஆதாயம், வெளியில் என்ன விலை போகிறது என்பது காய்ச்சுகிறவருக்குத் தெரியவருவதுதான். அடுத்த பருவத்தில் வியாபாரியிடம் விலை பேசும்போது அந்த அறிவு கைகொடுக்கும்.

எண் யாருடையது?

தொழிலுக்கென்று தனி எண் ஒன்று வேண்டும். அது மகனுடைய எண்ணாகவோ, ஊரில் விவரம் தெரிந்த இளைஞருடைய எண்ணாகவோ, ஊராட்சித் தலைவருடைய எண்ணாகவோ இருத்தல் கூடாது. குழுவின் பொறுப்பாளர் ஒருவர் பெயரில் புதிய சிம் வாங்கி, அது குழுவின் எண் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதந்தோறும் அதற்குப் பணம் கட்டுவதைச் சந்தாக் கணக்கோடு சேர்த்துவிட வேண்டும். நெடுநாள் பணம் கட்டப்படாத எண் ரத்தாகி, பின்னர் முன்பின் அறியாத வேறொருவருக்குப் போய்ச் சேரும். வாடிக்கையாளர் அப்போது பேசுவது அவரிடம்.

எண்ணைப் போலவே மின்னஞ்சல் கணக்கும் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். கூகுள் பக்கமும் யூடியூப் பக்கமும் அந்தக் கணக்கின் மீதே நிற்கும். கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு கைப்பேசி எண் கேட்பார்கள்; அங்கும் குழுவின் எண்ணையே கொடுக்க வேண்டும். நிலத்துக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் எவரும் வரப்பு வெட்டுவதில்லை. இங்கும் அந்தக் கவனம் வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ்

எண் கைக்கு வந்தபின் முதலில் செய்ய வேண்டியது வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலியை நிறுவுதல். இது சிறு வியாபாரிகளுக்காக 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிடப்பெற்றது. நிறுவக் கட்டணம் இல்லை. இரண்டு சிம் போடக்கூடிய கைப்பேசியாக இருந்தால், சொந்த எண்ணில் வழக்கமான வாட்ஸ்அப்பும் தொழில் எண்ணில் இதுவுமாக ஒரே கைப்பேசியில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் குழுவின் பெயர், ஊர், வேலை நேரம் ஆகியவற்றை எழுதி வைக்க இடம் உண்டு. பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் வரிசைப்படுத்தி வைக்கும் பட்டியல் ஒன்றும் உண்டு. விலையைப் பட்டியலில் எழுதத் தயங்குகிறவர்கள் பலர். 'கேட்டால் சொல்வோம்' என்கிறார்கள். அது தவறு. விலை தெரியாத பொருளைக் கேட்கவே பலர் கூச்சப்படுவர். அன்றியும் ஆளுக்கொரு விலை சொல்வார்கள் போலும் என்ற ஐயமும் எழும். ஒரு கிலோ, மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று தனித்தனியே எழுதி, அனுப்பும் செலவையும் கூடவே குறித்துவிட வேண்டும்.

அனுப்பும் செலவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். விளக்கத்துக்காக நான் இட்ட எண்களே இவை. கருப்பட்டி கிலோ 400 ரூபாய், ஒரு கிலோவுக்குப் பெட்டியும் உறையும் 30 ரூபாய், பார்சல் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் கொடுப்பது 520 ரூபாய். ஐந்து கிலோவாக அனுப்பும்போது பெட்டிக்கு 60, பார்சலுக்கு 240 ஆகிறது என்றால் மொத்தம் 2300. கிலோவுக்கு 460 ரூபாய்தான். ஆகவே மூன்று கிலோவுக்குக் குறைந்து அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் நன்மை. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்குங்கள் என்று சொன்னால், ஒருவர் மூலம் மூவர் வாடிக்கையாளர் ஆவர். விலையைக் குறிக்குமுன் அஞ்சல் நிலையத்திலும் பார்சல் நிலையத்திலும் கட்டிய பெட்டியையே கொண்டுபோய் எடைபோட்டுக் கேட்க வேண்டும். வெறும் கருப்பட்டியின் எடையைச் சொல்லிக் கேட்டுவந்து, பின்னர் கையிலிருந்து போட்டவர்கள் உண்டு.

முதல் வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். முன்பின் அறியாதவர்களைத் தேடி ஓட வேண்டாம். நம் ஊரிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் போனவர்களே முதல் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குச் சரக்கின் சுவை தெரியும்; காய்ச்சுகிறவரையும் தெரியும். ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒவ்வொருவருடைய எண்ணையும் அனுமதி கேட்டுக் குறித்துக்கொண்டு, குழுவின் எண்ணையும் அவர்கள் கைப்பேசியில் பெயருடன் பதியச் செய்ய வேண்டும். பதியச் செய்தல் மிக முக்கியம். ஏனெனில் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் 'பிராட்காஸ்ட்' பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

எங்கிருந்தோ கிடைத்த எண்களுக்கெல்லாம் விளம்பரம் அனுப்புகிறவர்களைப் பெறுகிறவர்கள் தடை செய்வார்கள். தடைகள் பெருகினால் வாட்ஸ்அப் நிறுவனமே அந்த எண்ணை முடக்கிவிடும். குழுவுக்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்டுவிடும். மாதம் ஒன்றோ இரண்டோ செய்தி போதும். அன்றாடம் காட்ட விரும்புவதை 'ஸ்டேட்டஸ்' பகுதியில் வைக்கலாம். 24 மணி நேரத்தில் அது தானே மறைந்துவிடும். விரும்பியவர் பார்ப்பர், எவருக்கும் தொந்தரவு இல்லை.

தட்டச்சு தெரியாதே என்று பெண்கள் தயங்குவதுண்டு. கைப்பேசியின் எழுத்துப் பலகையில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகிவிடும். எமது வட்டாரத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஓர் அம்மாள் இம்முறையில் நாளொன்றுக்கு இருபது பதில் அனுப்புகிறார். எழுத்துப் பிழை சில வரும். வாங்குகிறவர்கள் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. கடைக்காரர் எழுதிய பதிலன்று, காய்ச்சுகிறவரே எழுதியது என்று மகிழ்வதையும் கண்டிருக்கிறேன்.

வரைபடத்தில் ஓர் இடம்

அடுத்தது கூகுள் நிறுவனத்தின் தொழில் விவரப் பக்கம். ஒருவர் தொழிலின் பெயரையோ பொருளையோ தேடும்போது வரைபடத்தில் இடமும், தொலைபேசி எண்ணும், திறந்திருக்கும் நேரமும், வாங்கியவர்கள் கருத்தும் தோன்றுவது இதன் மூலமே. இதற்கும் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்டு யாரேனும் வந்தால் அவர் இடைத்தரகர் என்று அறிக.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வாங்குவோர் நேரில் வரும் இடமோ, அல்லது நாம் அவர்களிடம் நேரில் போய்க் கொடுக்கும் வழக்கமோ இருக்க வேண்டும். விடிலி அருகே விற்பனைக்கு ஒரு மேசையும் பெயர்ப்பலகையும் போட்டிருந்தால் போதுமானது. பெண்கள் தம் வீட்டிலேயே பொருளை வைத்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களாயின், வீட்டு முகவரியை வெளியில் காட்டாமல் சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டவும் வசதி உண்டு. தனியே இருக்கும் பெண்கள் இதனை அவசியம் கவனிக்க வேண்டும்.

பக்கத்தைத் திறந்தவர் மெய்யாகவே அத்தொழிலை நடத்துபவர்தானா என்று கூகுள் சரிபார்க்கும். பெரும்பாலும் ஒரு காணொளி கேட்பார்கள்: தெரு, பெயர்ப்பலகை, தொழில் நடக்கும் இடம், கருவிகள் ஆகியவற்றை இடையில் நிறுத்தாமல் எடுத்துக் காட்ட வேண்டும். கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாத ஊர்களில் வரைபடத்தில் குறியைச் சரியான இடத்தில் நாமே வைக்கலாம். குறி சற்றே தவறினாலும், காரில் வருகிறவர் உடைமரக் காட்டுக்குள் போய் நிற்பார். எமது வட்டாரத்தில் ஒருவர் நின்றிருக்கிறார்.

பெயர் எழுதும் இடத்தில் குழுவின் பெயரை மட்டுமே எழுத வேண்டும். 'நம்பர் ஒன் அசல் சுத்தமான கருப்பட்டி' என்று நீட்டி எழுதுவது கூகுளின் விதிக்கு விரோதம், பக்கமே நீக்கப்படலாம். வாங்கியவர்களிடம் கருத்து எழுதும்படி கேட்பதில் தவறில்லை. ஆனால் உறவினரையெல்லாம் கூட்டி ஒரே நாளில் ஐந்து நட்சத்திரம் போடச் செய்வது பொய்ச்சாட்சி. எவரேனும் குறை எழுதினால் கோபிக்காமல் பெயர் சொல்லி விளித்துப் பதில் எழுத வேண்டும். 'ஐயா, மழையில் கருப்பட்டி இளகிவிட்டது, மாற்று அனுப்பியுள்ளோம்' என்னும் ஒரு வரியைப் பின்னால் வரும் பலர் படிப்பார்கள். பாராட்டுக்களை விட அந்த வரி அதிகம் வேலை செய்யும்.

படம் எடுத்தல்

என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்குழுவின் பேஸ்புக் பக்கத்துக்குப் படங்கள் அனுப்பச் சொன்னபோது, அவர்கள் தொடக்க விழாப் படங்களை அனுப்பினர். நானும் பார்த்துச் சரி என்றேன். படத்தில் ரிப்பன் இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, பொன்னாடை போர்த்திய அலுவலர்கள் வரிசையாக இருந்தனர், அவர்களில் நானும் இருந்தேன். கருப்பட்டி மட்டும் இல்லை. அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு இது பழகிப்போன ஒரு நோய். அலுவலர் முகத்தைப் பார்த்துக் கருப்பட்டி வாங்குவார் யார்?

எடுக்க வேண்டிய படம் வேறு. அதிகாலையில் சுண்ணாம்பு பூசிய கலயம் மரத்திலிருந்து இறங்குவது, பதனீர் வடிகட்டப்படுவது, அகன்ற பாத்திரத்தில் அது கொதித்துப் பொங்குவது, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவது, ஆறியபின் தட்டி எடுத்து ஓலைக் கொட்டானில் அடுக்குவது: இவை ஒவ்வொன்றும் அரை நிமிடக் காணொளி. பேச்சுகூட வேண்டாம், அடுப்பின் ஓசையே போதும். பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாட்டின் உரிமையாளர் ஆட்சேபித்தால் யூடியூப் அக்காணொளியை முடக்கக்கூடும். வெளிச்சத்துக்குக் காலை வெயிலே தக்கது. கலயத்திலும் பாத்திரத்திலும் ஈயோ எறும்போ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் படம் எடுத்தபின்தான் அது நம் கண்ணுக்கே தெரிகிறது என்று குழுவினர் சொன்னார்கள். அதன் பிறகு வடிகட்டும் துணி அடிக்கடி மாறுகிறது.

மெய்யும் மிகையும்

கருப்பட்டித் தொழிலின் பெருங்கேடு கலப்படம். பதனீரோடு சர்க்கரையைச் சேர்த்துக் காய்ச்சினால் சரக்கு பெருகும், அடக்கவிலை குறையும். மெய்யான கருப்பட்டி காய்ச்சுகிறவர் அந்த விலையோடு போட்டி போட முடியாமல் தவிக்கிறார். வாங்குகிறவரோ கண்ணால் பார்த்தும் நாவால் சுவைத்தும் உறுதியாகக் கண்டுகொள்ள இயலாதவர். இந்த இடத்தில்தான் இணைய விளம்பரம் பயன்படுகிறது. நாள்தோறும் அடுப்பைக் காட்டுகிறவரிடம், 'இது சித்திரை இரண்டாம் வாரம் காய்ச்சியது' என்று பெட்டிமேல் எழுதி அனுப்புகிறவரிடம், பருவம் முடிந்தபின் 'பதனீர் நின்றுவிட்டது, இருப்பது ஆடியில் காய்ச்சிய சரக்கு, இத்தனை கிலோதான் உண்டு' என்று வெளிப்படையாகச் சொல்கிறவரிடம் நம்பிக்கை பிறக்கிறது. ஐப்பசி அடைமழையில் 'புதுக் கருப்பட்டி' என்று விளம்பரம் செய்பவரை விவரம் அறிந்தவர் நம்பார்.

மெய்ச் சரக்கை விற்பவரும் மிகை பேசிக் கெடுத்துக்கொள்வதுண்டு. 'கருப்பட்டி நீரிழிவைக் குணப்படுத்தும்' என்று ஒரு குழுவின் பட்டியலில் கண்டு திடுக்கிட்டேன். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துத்தான். நீரிழிவுக்காரர் அதை நம்பி உண்டால் உடலுக்குத் தீங்கு. மேலும் நீரிழிவு போன்ற நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. கைப்பேசியில் எழுதுவதும் விளம்பரமே. வாசனை, சுவை, பாரம்பரியம் என்று சொல்லுங்கள். வைத்தியம் பேச வேண்டாம்.

அவ்வாறே ஊர்ப்பெயர். உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. எமது மாவட்டத்துக் குண்டு மிளகாயும் அதே ஆண்டில் பெற்றது. அக்குறியீட்டைப் பயன்படுத்த, உரிய எல்லைக்குள் உற்பத்தி செய்பவராகவும் முறைப்படி பதிவு பெற்ற பயனாளராகவும் இருக்க வேண்டும். எமது குழுவினர் விற்பனைக்கு உதவும் என்று கருதித் தம் பட்டியலில் 'உடன்குடி' என்று எழுதியிருந்தனர். எடுத்துவிடச் சொன்னேன். முதலில் மனத்தாங்கல்தான். இப்போது தம் ஊர்ப்பெயரையே எழுதுகின்றனர். அந்தப் பெயரைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கின்றனர்.

உணவுப் பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும். பதிவோடு கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தின் மீதும் பட்டியலிலும் குறிக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, செய்த மாதம், அதிகபட்ச விலை, குறை சொல்வதற்கான எண் ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கூறுகின்றன. இதற்கு அச்சகம் தேடிப் போக வேண்டியதில்லை. கணினி மையத்தில் அச்சிட்ட ஒரு சிறு தாள் போதும்.

அரசு வழிகளும் பெருந்தளங்களும்

சுய உதவிக் குழுக்களின் பொருள்களைத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 'மதி' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டு செல்கிறது. குழுவினர் தம் வட்டார இயக்க அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். மொத்தமாக மூட்டைக் கணக்கில் விற்கும் விளைபொருளுக்கு 2016இல் தொடங்கப்பெற்ற இ-நாம் மின்னணுச் சந்தை, அதில் இணைந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் வாயிலாகக் கிடைக்கிறது. விவசாயி பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தனியார் பெருந்தளங்கள் பெரும்பாலும் கழிவு பிடிக்கின்றன; திருப்பி அனுப்பப்படும் பொருளின் செலவையும் சில நேரம் நம் தலையில் கட்டுகின்றன. அவற்றில் விற்க ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் முதல், விற்பனை வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரி மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பதாயின் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. எனினும் சொந்த எண்ணில் ஐம்பது வாடிக்கையாளர் சேருமுன் அங்கே போக வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

பணம் வாங்கும்போது

எண் வெளியில் தெரியத் தொடங்கிய சில வாரங்களில் ஏமாற்றுக்காரரும் வந்து சேர்வர். இதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். அவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை: 'நான் இராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், ஐம்பது கிலோ வேண்டும், முன்பணம் அனுப்புகிறேன், நான் அனுப்பும் கட்டத்தை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வரும்.' பணம் வருவதற்கு எந்தக் கட்டத்தையும் நாம் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இரகசிய எண்ணும் போட வேண்டியதில்லை. யு.பி.ஐ. முறையில் இரகசிய எண் போடுவது பணம் போவதற்கே. ஐம்பது கிலோ என்று கேட்டதும் மனம் மகிழ்ந்துவிடுகிறது. மகிழ்ச்சியில் கை தவறுகிறது.

மற்றொரு வகையினர், பணம் அனுப்பியதாகப் படம் ஒன்றை அனுப்புவர். படத்தைப் பார்த்துச் சரக்கு அனுப்பக் கூடாது. வங்கிக் கணக்கில் வரவு ஏறியதா என்று பார்த்தே அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு மிகுதி. எமது வட்டாரத்தில் ஒரு பெண்மணி, கணவர் கோபிப்பாரே என்று அஞ்சி மூன்று நாள் கழித்துச் சொன்னார். அதற்குள் பணம் கணக்கு மாறி எங்கோ போய்விட்டது. பணத்தை விட, குழுவில் இனி எவர் முகத்தில் விழிப்பது என்ற கவலையே அவரை வாட்டியது. ஆதலால் இந்த எச்சரிக்கையைக் குழுக் கூட்டத்தில் முன்னதாகவே பேசிவிடுதல் நலம். ஏமாந்தவரைப் பழிப்பதில்லை என்றும் அப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

ஊராட்சி என்ன செய்யலாம்?

ஊராட்சி விற்பனை செய்ய வேண்டியதில்லை. தன் பெயரில் பக்கம் நடத்தவும் வேண்டாம். தேர்தல் வந்தால் பக்கம் கட்சிப் பக்கமாகிவிடும். அது செய்யக்கூடியவை சிறியவை. கூகுள் வரைபடத்தில் பல ஊர்களின் பெயர் பிழையாகவோ, பக்கத்துக் குக்கிராமத்தின் மீதோ கிடக்கிறது. திருத்தம் அனுப்ப யாராலும் இயலும். பேருந்து நிறுத்தம், பள்ளி, கோயில், விடிலிக்குப் போகும் பாதை ஆகியவற்றை உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றுச் சரியாகக் குறித்தால் ஊரிலுள்ள எல்லாத் தொழிலுக்கும் அது உதவும். ஊரில் யார் என்ன செய்கிறார், எந்த மாதத்தில் கிடைக்கும், எந்த எண்ணில் கேட்கலாம் என்னும் பட்டியல் ஒன்றை, உரியவர் சம்மதம் பெற்று, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, மாசிக்கு முன்னர் அமையும் ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையில் அப்பட்டியலை வாசித்து, ஒவ்வோர் எண்ணையும் அங்கேயே அழைத்துப் பார்க்க வேண்டும். மணி அடிக்காத எண்ணை அன்றே மாற்றிவிடலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குழுவின் பக்கத்தை மீட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறருக்கும் பயன்படும். கூகுள் பக்கத்துக்கு ஒருவருக்கு மேற்பட்ட உரிமையாளர்களைச் சேர்க்கலாம். பழைய உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாதபோது, உரிமை கோரி விண்ணப்பிக்கவும் அப்பக்கத்திலேயே வழி உண்டு. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. செயலாளர் தம் மகனிடம் ஒரு வெள்ளிக்கிழமை பேசினார். அவர் அங்கிருந்தபடியே குழுவின் புதிய மின்னஞ்சல் கணக்கையும் பொருளாளருடைய கணக்கையும் உரிமையாளர்களாகச் சேர்த்து, முதன்மை உரிமையைக் குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார். பழைய எண் நீக்கப்பட்டுப் புதிய எண் ஏறியது. புதிய எண்ணை யார் பெயரில் வாங்குவது என்பதில்தான் குழுவில் ஒரு மாலை முழுதும் வாக்குவாதம் நடந்தது.

சென்னைப் பெரியவருக்கு அப்போது ஐந்து கிலோ அனுப்ப முடியவில்லை. உறுப்பினர்கள் தம் வீட்டு உபயோகத்துக்கென்று பரணில் வைத்திருந்ததைச் சேர்த்து மூன்று கிலோ அனுப்பினர். பணம் வரவான பின்னரே பார்சல் போயிற்று. குழுவின் புதிய பட்டியலில் முதல் பெயர் அவருடையது. மாசியில் விடிலியில் அடுப்பு மூட்டும் நாளன்று செய்தி அவருக்கும் போகும்.